லூயிஸ் வீட்டு வாசலில் சவரியம்மாள்

ஜூன் 3, செவ்வாய்

சிதம்பரம் ஊரில் இருக்கும் வீட்டில் லூயிஸ் இன்று தனியாக ரசம் வைத்தான். உப்பு போடவில்லை. கூடத் தங்கியிருக்கும் தட்சிணாமூர்த்தி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உப்பில்ல, ஆனா நல்லாருக்கு" என்றார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று இருவரின் அடையாள அட்டையிலும் எழுதியிருக்கிறது. குறும்பில் ஒரு குறையும் இல்லை.

இருவரும் தாங்களாகவே வாழப் பழகும் இந்த வீட்டுக்குக் காலையும் மாலையும் வந்து கூட நிற்பது என் வேலை. செய்து கொடுப்பதல்ல. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம்.

ஜூன் 8, ஞாயிறு

லூயிஸின் அம்மா சவரியம்மாள், கடலூர் முதுநகரிலிருந்து போன். முப்பது வயது மகன் அடுப்பைத் தொடுகிறான் என்றதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. "கேஸ தொறந்து வச்சிட்டான்னா? ஒங்களுக்கென்ன அனிதா, பெத்தவ நானு. ஒரு தப்பு நடந்துச்சுன்னா கூட்டிக்கினு வந்துடுவேன்."

இங்கே வந்த பிறகுதான் லூயிஸ் வாய்விட்டுப் பேசுகிறான். கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ?

ஜூன் 11, புதன்

கதவுப் பாடம். மணி அடித்தால் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். பேர் கேட்க வேண்டும். சொல்லாமல் வந்தவர் என்றால் எனக்கு போன். நான் வெளியே நின்று மணி அடித்தேன். "அனிதாக்கா!" என்று கதவை அகலத் திறந்துவிட்டான்.

"தெரிஞ்சவங்களா இருந்தாலும் கேக்கணும்பா" என்றேன்.

ஜூன் 14, சனி

ஐயோ, என் வாயைத் தைக்க வேண்டும்.

மதியம் லூயிஸ் போன். "அக்கா, ஒரு அம்மா நிக்கிறாங்க. பேரு சவரியம்மாளாம். சொல்லிட்டு வரல. தொறக்கட்டா?"

ஓடினேன். உச்சி வெயிலில் வாசலில் நிற்கிறார். ஜன்னல் கம்பி வழியாக லூயிஸ் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டிருக்கிறான். "பெத்தவளப் பேரு கேக்குறான்! இதான் நீ கத்துக் குடுத்தியா?" என்று என் மேல் பாய்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்றிருந்தது.

கதவைத் திறந்ததும் அம்மாவை உட்காரச் சொல்லி டீ போட்டான். அடுப்பை அணைத்தான், குனிந்து பார்த்தான், சிலிண்டரையும் மூடினான். சவரியம்மாள் டீயைக் கையில் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய காலிப் பை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரியாதா என்ன.

சாயங்காலம், "கூட்டம் வந்துடும்மா, இப்பவே பஸ் ஏறு" என்று அவனே கொண்டுபோய் ஏற்றிவிட்டான். பை மடித்தபடியே போனது. சவரியம்மாள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

முதுநகரிலிருந்து போன் இல்லை. கோபம்தான் போல.

ஜூன் 27, வெள்ளி

சவரியம்மாள் கூப்பிட்டார். "அனிதா, லூயிசுக்குப் போன் போட்டேன். ஞாயித்துக்கெழம வரட்டுமான்னு கேட்டேன். வேணாங்கறான். துணி தொவைக்கிற நாளாம். செவ்வாக்கெழம வரச் சொல்றான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"மீன் கொழம்பு வச்சி எடுத்தாரட்டா, இல்ல மீனு மட்டும் போதுமா, அவனே வச்சிக்குவானா? நீ கேட்டுச் சொல்லேன்."

"நீங்களே அவன கேளுங்கம்மா" என்றேன்.