மெர்சி அக்காவின் வார்த்தைகள்

அக்டோபர் 11, சனி

இன்று மெர்சி அக்கா வகுப்பின் பெற்றோர் கூட்டம். உதவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதிப்பெண் அட்டையில் நாங்கள் எல்லோரும் 'குட்' என்று எழுதும் இடத்தில், அக்கா ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு வார்த்தை எழுதியிருந்தார். கைண்ட், ஸ்டெடி, ஆனஸ்ட், இப்படி.

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டும் ஒரு அப்பா, மகளின் அட்டையை நீட்டினார். "இது இன்னா மிஸ்? எல்லா வாட்டியும் குட்டுனுதானே இருக்கும்."

"டிபெண்டபிள். நம்பி ஒரு வேலையக் குடுக்கலாம்னு அர்த்தம் அண்ணா. லேப் சாவிய அவகிட்டதான் குடுத்தனுப்புவேன்" என்றார் அக்கா.

அவர் கொஞ்ச நேரம் அந்த வார்த்தையையே பார்த்தார். "வூட்டுச் சாவியும் அவகிட்டதான் கீது மிஸ்." பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

எப்படிக்கா இத்தனை வார்த்தை பிடித்தீர்கள் என்று கேட்டேன். "குட்டுக்கு எத்தனை வார்த்தைன்னு நெட்ல தட்டினா வந்துடும்பா. யாருக்கு எதுன்னுதான் வராது" என்றார். பெருமையே இல்லாமல் சொன்னார். பொறாமையாகக்கூட இருந்தது.

என் வகுப்புக்கு அடுத்த சனி கூட்டம். முப்பத்தெட்டு அட்டையிலும் 'குட்' என்று போன வாரமே எழுதிவிட்டேன். இப்போது அடித்துவிட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறேன். முப்பத்தேழு முடிந்தது. மிச்சம் நிவேதா. ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்சு. ஜூனிலிருந்து தினமும் "பிரசன்ட் மிஸ்" என்கிறாள். அதற்கு மேல் அவள் பேசி நான் கேட்டதாக நினைவில்லை.

'குட்' என்று எழுதியபோது இது எனக்குத் தெரியவே இல்லை.