இருபது விழுந்தும் 'இல்லை' என்றேன்

மார்ச் 3, ஞாயிறு

மூன்றாவது ஆட்டம். பன்னிரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கம்கூடத் தாண்டவில்லை.

கீழ்வீட்டு அக்காவுக்கு இந்த ஆட்டத்தை விளக்கியபோது எவ்வளவு எளிதாக இருந்தது! "நான் கதைய நடத்துவேன்க்கா. நீங்க மூணு பேரும் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யறீங்கன்னு சொல்லுங்க. அது பலிக்குமான்னு இந்த இருபது முகப் பகடை சொல்லும்." அக்கா மருந்துக்கடை வைத்திருப்பவர். வில்லாளியாக வந்தார். என் மனைவி, வேதியியல் டீச்சர், கப்பல் தலைவி. அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் மல்லன். வேறென்னவாக இருப்பான்?

ஒற்றைக்காதன் என்ற கொள்ளைக்காரன் கலங்கரை விளக்கத்தின் விளக்கையே திருடிவிட்டான். இவர்கள் ஆற்றைக் கடந்து அவனைத் துரத்த வேண்டும். அவ்வளவுதான். படகுக்காரனிடம் ஓர் ஆடு இருந்ததாக வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"மாமா, அந்த ஆட்ட நான் வாங்கிக்கறேன்" என்றான் மச்சான்.

"அது விக்கறதுக்கில்ல."

பகடையை உருட்டினான். இருபது! இருபது விழுந்தால் மலையே நகர வேண்டும் என்பது விதி. மூவரும் கை தட்டினார்கள்.

"இருந்தாலும் இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எட்டாம் பக்கத்தில் ஆடு கிடையாது. அதனால்தான்.

மார்ச் 5, செவ்வாய்

செயற்கைப் பல் செய்யும் எங்கள் லேபில், அச்சு வார்த்ததில் மிஞ்சிய பிளாஸ்டரில் கலங்கரை விளக்கம் ஒன்று செதுக்கினேன், மேஜையில் வைக்க. முதலாளி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோட கோரைப்பல்லுய்யா, இவ்ளோ நீளமா?" என்றார்.

மார்ச் 10, ஞாயிறு

ஒற்றைக்காதன் முதன்முதலாகக் கண்ணில் பட்டான். பாறை மேல் வில்லோடு நின்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக நான் நேற்று கண்ணாடி முன் பயிற்சி செய்திருந்தேன். சிரித்து முடிப்பதற்குள் அக்கா, "அம்பு விடறேன் தம்பி" என்று பகடையைப் போட்டார். பத்தொன்பது.

அவன் ஆறாவது ஆட்டம் வரை உயிரோடு இருந்தாக வேண்டும்!

"பட்டுது... ஆனா உள்ள கவசம் போட்டிருந்தான். தப்பிச்சுட்டான்."

"சரி தம்பி" என்றார் அக்கா. போகும்போது தன் வில்லாளியின் விவரம் எழுதிய தாளை நான்காக மடித்து, மருந்துச் சீட்டு மாதிரி மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

தம்ளர் கழுவிக்கொண்டே மனைவி சொன்னாள்: "நாங்க வரலைன்னாலும் உங்க கதை அது பாட்டுக்கு நடக்கும். எங்களுக்கு எதுக்குங்க பகடை?"

"ராப்பகலா உக்காந்து எழுதறது நான்!"

"அதான். எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டீங்களே."

அடுத்த வாரம் அவள் வரமாட்டாளாம். பரீட்சைத் தாள் திருத்த வேண்டுமாம்.

மார்ச் 11, திங்கள்

எனக்கென்ன வந்தது? போகட்டும். வேண்டாம்னா விட்டுடுங்க எல்லாரும். நானே பகடை போட்டு நானே ஜெயிச்சுக்கறேன்.

மார்ச் 12, செவ்வாய்

அவள் சொன்னது சரி. (அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை.)

மார்ச் 14, வியாழன்

மருந்துக்கடைக்குப் போனேன். சாக்குக்கு ஓர் இருமல் மருந்து கேட்டேன். எனக்கு இருமலே இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும், மாடியில் இருமினால் கீழே கேட்குமே. எனக்கு முன்னால் குடை வைத்திருந்த ஒரு பெரியவர். அவருக்கு அக்கா மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அவன் செத்துட்டான். உங்க அம்புலதான். கவசமெல்லாம் பொய்."

பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாரு செத்தா?"

"ஒரு திருடன்தாங்க. நான்தான் கொன்னேன்" என்றார் அக்கா, மாத்திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பெரியவர் மீதிச் சில்லறைகூட வாங்காமல் கிளம்பப் பார்த்தார். கூப்பிட்டுக் கொடுத்தோம்.

பிறகு அக்கா கேட்டார்: "அப்ப விளக்கு எங்க தம்பி? அவன் கையில விளக்கு இல்லையே, வில்லுதானே வச்சிருந்தான். நான் அதைப் பார்த்துதான் அம்பு விட்டேன்."

நான் எழுதியதையே நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருக்கிறார். நான்கு நாளாக யோசித்தும் இருக்கிறார்!

"தெரியலக்கா" என்றேன். கதை நடத்த ஆரம்பித்த பிறகு வாயிலிருந்து வந்த முதல் உண்மை.

மார்ச் 17, ஞாயிறு

அரைப் பக்கம்தான் எழுதி வைத்திருந்தேன். யார் யார் இருக்கிறார்கள், அவரவருக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான். என்ன நடக்கும் என்று ஒரு வரி இல்லை.

அக்காவும் மச்சானும் மட்டும். இவள் அதே கூடத்தின் மறுகோடியில் தாள் கட்டோடு, சிவப்புப் பேனாவோடு.

முதல் வேலையாக மச்சானிடம், "அன்னிக்கு விழுந்த இருபது செல்லும்டா. ஆடு உன்னுது" என்றேன். அவன் எழுந்து நின்று என்னைக் கட்டிக்கொண்டான். ஆட்டுக்காக!

பிறகு அக்காவிடம், "உங்க வில்லாளி அந்தத் திருடன இதுக்கு முன்னால எங்க பார்த்தா?" என்று கேட்டேன். இடையில் புகுந்து நானே பதில் சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"அவன் என் கூடப் பொறந்தவன்" என்றார் அக்கா.

மச்சான் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டான். அக்கா பேசினார், பேசினார், கால் மணி நேரம் பேசினார். ஓர் அண்ணன், ஒரு தங்கை, ஒருவரும் சொல்லிக்கொடுக்காத வில் வித்தை. இத்தனை கதையை இவர் எங்கே வைத்திருந்தார்?

விளக்கை ஒளித்தவன் துறைமுகக் காவலன் என்று இருவருக்கும் சந்தேகம் வந்தது. அவனாக நான் குரல் மாற்றிப் பேசினேன்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல."

"பொய்" என்றது கூடத்தின் மறுகோடி.

மூவரும் திரும்பினோம். இவள் தாளிலிருந்து தலை நிமிரவில்லை. "ஊர்ல இல்லாதவனுக்கு 'அன்னிக்கு'ன்னா என்னிக்குன்னு எப்படித் தெரியும்? வீட்டுப்பாடம் எழுதாத பசங்க இப்படித்தான் பேசுவாங்க."

நான் அப்படி யோசித்தே சொல்லவில்லை. ஆனால் காவலன் நடுங்க ஆரம்பித்தான். நான்தான் நடுங்கினேன், அவனாக. இவள் பேனாவை மூடினாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க என் பகடை?"

மார்ச் 18, திங்கள்

வேலையில் ஒரு பல்லுக்கு இரண்டு முறை நிறம் தப்பாகப் போட்டேன். சிரித்துக்கொண்டே.

மார்ச் 31, ஞாயிறு

சுமார்தான். மச்சான் தண்ணீரில் மூழ்கினான். மூழ்குவதற்கு என்ன விதி என்று புத்தகத்தில் இருபது நிமிடம் தேடினேன். அவன் நிஜமாகவே மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்து, கடைசியில் முகம் சிவந்து, "மாமா, செத்துட்டேன்னாவது சொல்லுங்க!" என்றான். இனி விதி மறந்தால் தோன்றியதைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

படகுக்காரனுக்குப் போன வாரம் வைத்த பெயரும் மறந்துபோச்சு. அக்கா எடுத்துக்கொடுத்தார். அவர் தனியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்!

ஏப்ரல் 10, புதன்

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் வாய் நிறைய நுரையோடு குளியலறைக் கதவைத் திறந்தாள்.

"ஏங்க, அந்த வடக்குத் தீவுல குழந்தைங்க இருக்காங்களா?"

எந்த வடக்குத் தீவு? ஆட்டத்துக்கு வரைந்த வரைபடத்தின் ஓரம் காலியாக இருக்கிறதே என்று நான் சும்மா கிறுக்கிய ஒரு வட்டம்.

"இருந்தா?"

"என் கப்பல அங்க விடலாம்னு பார்க்கறேன். பள்ளிக்கூடம் ஒண்ணு வைக்கணும்."

"யாரு பாடம் எடுப்பாங்க?"

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். இருவருக்குமே வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.