எலோடியே

கொச்சபம்பா
2 செப்டம்பர் 1974

அன்புள்ள கசிமிரா,
நலம். நீயும் எலோடியாவும் நலமா? திட்டாமல் கடைசிவரை படி. போன வருடம் நீ அனுப்பிய கூட்டிலிருந்து இங்கே அருங்காட்சியகத்தில் வெளிவந்த பட்டுப்பூச்சி உலகத்துக்கே புதியது. நான்காயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில், கியூன்யா மர இலையைத் தின்று வளர்கிற இனம்! கண்டறிந்தவன் பெயர் வைக்கலாம் என்பதால் நம் மகள் பெயரை வைத்தேன். லத்தீனில் கடைசி எழுத்து மாறி ‘எலோடியே’ என்று வரும். அச்சான தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், அவளிடம் காட்டு. மூன்று வருடமாக வீட்டுக்கு வராத அப்பனால் வேறென்ன தர முடியும்?
உன் இலாரியோன்

வய்யப்பம்பா
13 செப்டம்பர்

எலோடியாவின் அப்பாவுக்கு,
தாளை அவளிடம் காட்டவில்லை. அது வருவதற்கு நான்கு நாள் முன்பு மரப்பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்துவிட்டாள். அடி எதுவும் இல்லை. பயத்தில் உயிர் அங்கேயே தங்கிவிட்டது. படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கோகா இலை போட்டுக் குறி சொல்லும் செனோபியோ வந்து பார்த்தார். அவர் சொன்னபடி தினமும் மத்தியானம் அவள் சட்டையை ஆற்றங்கரையில் விரித்து, “எலோடியே! வாடி தாயி, வீட்டுக்கு வா!” என்று உயிரைக் கூப்பிடுகிறேன்.
நேற்று சட்டைமேல் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. “ஏம்மா, இந்தப் பேரு வேற எதுக்காச்சும் இருக்கா?” என்று செனோபியோ கேட்டார். உங்கள் தாளைக் காட்டினேன். அவர் சொன்னார்: “நீ கூப்பிடுற பேருக்கு அது வருது. அப்புறம் புள்ள எப்படிம்மா வரும்?”
இந்த மாதிரிப் பூச்சி வீட்டுக்குள் வந்தாலே சாவு என்று நம் ஊரில் சொல்வது தெரிந்தவர்தானே நீங்கள்? பெயரை எடுத்துவிடுங்கள்.
கசிமிரா

கொச்சபம்பா
22 செப்டம்பர்

அன்புள்ள கசிமிரா,
உடனே பஸ் ஏறி மகளை மருத்துவமனையில் காட்டு. பூச்சியை நினைத்துக் கலங்காதே. வந்தவை எல்லாம் ஆண் பூச்சிகள். எனக்கு அனுப்பியதுபோக மிச்சக் கூடுகளை அவள் சட்டையில்தானே முடிந்து வைத்திருந்தாய்? பெண் பூச்சி ஒன்று அதில் வெளிவந்திருக்கும். அது இருந்த இடத்திலிருந்தே மணம் விடும், அந்த மணம் துணியில் ஒட்டியிருக்கும், ஆண்கள் வெகுதூரத்திலிருந்து தேடி வரும். இரவில் உறைபனி என்பதால் இவை வெயிலில் பறக்கின்றன. தின்ன வாய்கூடக் கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் எட்டு நாளில் செத்துவிடும். அந்த வாயில்லாப் பூச்சியா பிள்ளையைக் கொண்டுபோகும்?
அச்சில் ஏறிய பெயரை, வைத்தவனே நினைத்தாலும் அழிக்க முடியாது. எங்கள் விதி அப்படி.
இலாரியோன்

வய்யப்பம்பா
1 அக்டோபர்

எலோடியாவின் அப்பாவுக்கு,
சட்டையைச் சாம்பல் போட்டுத் துவைத்தேன். மறுநாள் ஒரு பூச்சிகூட வரவில்லை. நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அவளும் வரவில்லை.
மருத்துவமனையில் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது வாயையே திறக்க மாட்டேன் என்கிறாள். ஈரத்துணியால் உதட்டை நனைக்கிறேன். இன்றோடு மூன்று நாள். எட்டு நாள் என்று எழுதியிருந்தீர்களே, அதை ஏன் எழுதினீர்கள்? அங்கே ஊசியில் குத்தி வைத்திருக்கும் பூச்சியை எடுத்துக்கொண்டு வாருங்கள். எரித்துவிடலாம்.
கசிமிரா

கொச்சபம்பா
5 அக்டோபர்

கசிமிரா,
சீக்கிரம் கிடைக்கட்டும் என்று இந்தக் கடிதத்தைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இனத்துக்குச் சான்றாக இருப்பது அந்த ஒரு பூச்சிதான். எடுத்தால் வேலை போய்விடும். பெட்டியைத் திறந்து பார்த்தேன். கீழே சீட்டில் என் கையெழுத்தில் அவள் பெயர். எனக்கும் பயமாக இருக்கிறது. மூடி வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை விடுப்பு கிடைக்கும், வந்துவிடுகிறேன்.
இலாரியோன்

வய்யப்பம்பா
8 அக்டோபர்

இலாரியோன் அவர்களுக்கு,
வர வேண்டாம்.
உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் செனோபியோ, “எழுதுனத அழிக்க முடியலன்னா அந்தப் பேர அதுக்கிட்டயே விட்டுரும்மா” என்றார். அன்றே என் தங்கை ஞானத்தாயாக நிற்க, மகளுக்கு வேறு பெயர் வைத்தோம். ஆற்றங்கரையில் அதைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள். கினோவாக் கஞ்சி கேட்டு இரண்டு கிண்ணம் குடித்தாள். நான் அழுதுவிட்டேன்.
பழைய பெயரைச் சொன்னால் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் வந்து அப்படிக் கூப்பிட்டுவிடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம்.
புதுப்பெயர் என்ன என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் எழுதிவிடுவீர்கள்.
கசிமிரா