ஒன்றாக வந்தவர்கள்

அக்கா,

ரயில் பட்டர்வொர்த்தை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து வரிசையில் ஒரு மலாய்க்கார அம்மா பொட்டலத்தைப் பிரிக்கிறார். அவித்த நிலக்கடலை வாசனை பெட்டி முழுக்கப் பரவுகிறது. நீங்களும் இப்படித்தான். புக்கிட் மெர்தாஜாம் வருவதற்குள் பொட்டலத்தைப் பிரித்து, முன்பின் தெரியாதவர் கையிலும் ஒரு பிடி கொடுத்துவிடுவீர்கள்.

செபராங் ஜெயா அலுவலகத்தில் பதினோரு வருடம் நம் மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டத்தோ கிராமாட்டிலிருந்து ஃபெரி பிடித்து வருவீர்கள். எனக்கும் சேர்த்தே காலைப் பசியாறல் கட்டி வருவீர்கள். நம்மோடு வேலை செய்து கோலாலம்பூருக்கு மாறிப்போன தோழி, தன் மகள் கல்யாணத்துக்கு நம் இருவரையும் அழைத்தாள்.

“ரயில்லயே போலாம்லா” என்றீர்கள்.

“நாலு மணி நேரம் யாருக்கா உக்காந்திருப்பா? பிளேன்ல ஒரு மணி நேரம்.”

“அந்த ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கணும். எறங்கி டவுனுக்குள்ள வர இன்னொரு மணி நேரம். ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் நான் விடவில்லை. எல்லார் முன்னாலும், “பறக்கப் பயமாக்கா?” என்று கேட்டுச் சிரித்தேன். நீங்களும் சிரித்துவிட்டு, சரி, விமானத்துக்கே டிக்கெட் போடச் சொன்னீர்கள்.

உங்களுக்கு உயரம் பயமில்லை. நீங்கள் பெரிய உடம்புக்காரர். ரயிலில் கால் மரத்தால் எழுந்து நிற்கலாம், கேன்டீன் பெட்டிவரை நடந்துவிட்டு வரலாம். விமானத்தில் அது முடியாது. இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பதினோரு வருடம் பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று ஜன்னலோரம் ஓர் இளைஞன், நடுவில் நீங்கள், ஓரத்தில் நான். பெல்ட் உங்களுக்கு எட்டவில்லை. இரண்டு முறை மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தீர்கள். பணிப்பெண் நீட்டிப்புப் பட்டையைக் கொண்டுவந்தாள். பின்வரிசையில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். இளைஞன் கையை ஒடுக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விட்டான்.

முன்னால் ஓர் இருக்கை காலியாக இருந்தது. பணிப்பெண் என்னைப் பார்த்து, நீங்கள் இருவரும் ஒன்றாக வந்தவர்களா என்று மலாயில் கேட்டாள்.

“தாக்” என்றேன்.

இல்லை என்று சொல்ல அந்த ஓரசைச் சொல் போதுமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு முன் வரிசைக்குப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் தோளுக்கும் என் வாய்க்கும் ஒரு சாண் தூரம்கூட இருந்திருக்காது. உங்களுக்குக் கேட்காமல் இருந்திருக்க வழியே இல்லை.

இறங்கியபோது கடைசி ஆளாக வந்தீர்கள். என்ன சொல்லப்போகிறீர்களோ என்று நின்றேன். “முன்னாடி வசதியா இருந்துச்சாம்மா?” என்று கேட்டீர்கள். அதில் குத்தல் எதுவும் இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, “நீ பிளேன்ல போ. நான் ரயில்ல வந்துக்கிறேன்” என்றீர்கள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது, அக்கா. ‘தாக்’ என்றதைவிட அந்த நிம்மதிதான் இன்று அதிகமாக உறுத்துகிறது.

சாயங்காலம் போன் செய்து, வீடு சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டேன். “இப்பத்தான் வந்தேன். புக்கிட் மேரா ஏரிக்கு நடுவுல ரயில் போச்சு பாரு, ரெண்டு பக்கமும் தண்ணி. நீ பாத்திருக்கணும்” என்றீர்கள். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. நானோ மறுநாளைய அலுவலக வேலையைப் பற்றிப் பேசினேன்.

அதன் பிறகும் பசியாறல் கட்டி வந்தீர்கள். ஒரு வருடம்கூட முழுதாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்வலி என்று மருத்துவமனைக்குப் போன நீங்கள் திரும்பவில்லை.

உங்கள் வீட்டில், உங்களைக் கிடத்தியிருந்த கூடத்தில், உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு உறவினர்களிடம் சொன்னாள்: “இந்த ஆன்டிதான். பிளேன்ல அம்மா வசதியா உக்காரணும்னு தன் சீட்ட விட்டுட்டு முன்னாடி போய் உக்காந்தவங்க. அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க.”

யாரோ எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், அக்கா. அந்தத் தண்ணீரையும் குடித்தேன்.

உங்கள் மகள் இப்போது கோலாலம்பூரில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ரயிலில் போவதால் எதுவும் ஈடாகிவிடாது என்று தெரியும். ஒவ்வொரு முறையும் அவளிடம் சொல்லிவிடுவது என்றுதான் ஏறுகிறேன். அவள் கதவைத் திறந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “பாட்டிக்கு சீட்ட குடுத்த ஆன்டி வந்துட்டாங்க” என்கிறாள். பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த நல்ல பெயரை மறுக்க, இன்னும் எனக்கு வாய் வரவில்லை.