ஒரு கை வேலைக்கு, ஒரு கை உயிருக்கு

5-2-2011, சனி

புதுச்சேரியில் பந்தல் வேலை. விமான ஓடுதளத்தின் ஓரமாக நாலு சாமியானா. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. வானத்திலிருந்து குதிக்கிறவர்கள் பாராசூட் மடிக்க நிழல் வேண்டுமாம்.

மூங்கில் உச்சியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு சின்ன விமானம் போனது. அதிலிருந்து ஒரு ஆள் உதிர்ந்தான். பட்டென்று துணி விரிந்தது. குடை மாதிரி வட்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அறை அறையாகத் தைத்த மெத்தை. மெத்தைக்குள் காற்று எப்படிப் போகிறது? போன காற்று ஏன் வெளியே வரவில்லை? முப்பது வருஷமாகக் காற்றோடு மல்லுக்கட்டுகிறவன் நான், எனக்கே தெரியவில்லை.

இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டேன். முன்பக்கம் திறப்பு, பின்பக்கம் தையல். தலையணை உறைதான்! தைத்தவன் கெட்டிக்காரன்.

சொல்லிக் கொடுக்கிறவர் சிவப்ரியா என்கிற பெண். சிதம்பரம் கீழவீதிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆயிரத்து இருநூறு தடவை குதித்தவர் (இந்த எண் அவர் சொன்னது, நான் கூட்டவில்லை). நானும் நூறடி உயரத்தில் வேலை செய்கிறவன்தான் என்றேன். (இருபத்தைந்து அடி. யாரோ கோபுரத்துக்குக் கட்டிய சாரத்தையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.)

இருபத்தைந்து தடவை குதித்து, ஒவ்வொன்றையும் ஒரு புத்தகத்தில் எழுதி, பரீட்சையும் தேறினால் லைசென்ஸ். அதைக் காட்டினால் உலகத்தில் எந்த ஊரிலும் யார் துணையும் இல்லாமல் குதிக்கலாமாம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அப்படி ஓர் அட்டை!

“செப்டம்பர்ல அடுத்த முகாம். எடை தொண்ணூறுக்குள்ள வாங்கண்ணா” என்றார்.

6-2-2011

குதிக்கப்போகிறேன் என்று வீட்டுக்காரி மலர்க்கொடியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “எறங்கி வரும்போது துறைமுகத்துப் பக்கமா எறங்குங்க. அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கிட்டு வந்துடலாம்.”

3-4-2011, ஞாயிறு

சிதம்பரம். மச்சான் வைத்திலிங்கம் (மலர்க்கொடியின் தம்பி) வீட்டில் இட்லி கொத்சு. அவன் கடை மூட்டைத் தராசில் ஏறினேன். தொண்ணூற்றேழு. இரண்டு கிலோ எலும்பு கனம் என்றேன். மீதி ஐந்து நாக்கு கனம் என்றான்.

ராணுவத்திலிருந்தே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லிவைத்தேன். எதற்குச் சொன்னேன்? கொத்சு நன்றாக இருந்தது, பேச்சும் நன்றாக வந்தது.

அவன் மகள் சத்யப்பிரியா, காலேஜ் படிக்கிறவள், இங்கிலீஷ் பாடப் புத்தகத்தை வாசித்து அர்த்தம் சொன்னாள். முதல் சில தடவைக்கு முதுகுப் பையிலிருந்து ஒரு பட்டை விமானத்தோடு கட்டியிருக்கும். நாம் விழுந்ததும் அதுவே பாராசூட்டைத் திறந்துவிடும். “நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம் மாமா. விட்டா போதும்” என்றாள். இவ்வளவுதானா!

22-5-2011

கிழிந்த சாமியானாத் துணியில் ஒரு குட்டிப் பாராசூட் தைத்து, தேங்காயைக் கட்டி, எங்கள் ஊர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சாரத்து உச்சியிலிருந்து போட்டேன். ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி விழுந்து தேங்காய் உடைந்தது. நடு உச்சியில் ஒரு ஓட்டை போட்டேன். ஆட்டம் நின்றது! காற்றுக்கு ஒரு வழி விட்டால் சண்டை போடாது போலிருக்கிறது. பதினொரு தேங்காய். இரவு சட்னி, நாளையும் சட்னி.

18-9-2011

எண்பத்தொன்பதரை!

24-9-2011, சனி

குதித்துவிட்டேன். பத்தாயிரம் அடி. மேகம் காதோரம் ஈரமாக உரசிக்கொண்டு போனது. வடக்கே செஞ்சிக் கோட்டை, தெற்கே சிதம்பரத்து நாலு கோபுரமும் நாலு சோழி மாதிரி. குறி வைத்திருந்த வட்டத்தின் நடுவில் பூ மாதிரி இறங்கினேன். ஐந்நூறு பேர் கைதட்டினார்கள். மச்சானுக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

26-9-2011

மச்சான் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். மைதானத்து மூலையில், பன்னிரண்டடி. கூலிங்கிளாஸ் போட்ட என் முகம், தோளில் கழுகு இறக்கை. ‘ஆகாயத்தை அளந்த அண்ணன் தங்கராசு.’

2-10-2011, ஞாயிறு

இருபத்துநாலாம் தேதிப் பக்கம் பொய்.

எனக்கு நானே எழுதுகிற நோட்டில் யாரை ஏமாற்றப் பார்த்தேன்?

நடந்தது இது. நாலாயிரம் அடி. கதவு திறந்தது. வாசலில் ஒரு சின்னப் படி, இறக்கைக்குக் கீழே சாய்வாக ஒரு முட்டுக்கம்பி. படியில் கால் வைத்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கி, ‘விடு’ என்றதும் விட வேண்டும். கால் வைத்துவிட்டேன். பயமில்லை, சத்தியமாக இல்லை, மூங்கில் மேல் நிற்கிற மாதிரிதான் இருந்தது. வலது கை கம்பிக்குப் போயிற்று. இடது கை கதவு விளிம்பை விடவில்லை. விடு என்கிறேன், விடவில்லை. என் கைதானா அது?

பதினாறு வயதில் முதல் மூங்கில் ஏறினபோது மேஸ்திரி சொன்னது: ஒரு கை வேலைக்கு, ஒரு கை உயிருக்கு. அதையே என் ஆட்களுக்கும் தினம் கத்துகிறேன். அந்தக் கைக்கு இங்கிலீஷ் பாடம் ஏறவில்லை.

சிவப்ரியா என் முதுகுப் பைப் பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். விமானத்தில் உட்கார்ந்தே இறங்கினேன். பெட்ரோல் வாசனையும் என் முழங்காலும்தான் பார்த்தேன், செஞ்சியைப் பார்க்கவில்லை. கீழே இருந்தது முப்பது பேர். ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

சிவப்ரியா புதுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, “குதிச்சப்புறம் நீங்கதான் எழுதணும், நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு வரி கூட்டி எழுதுனீங்கன்னாலும் லைசென்ஸுக்கு நான் சாட்சி நிக்க மாட்டேன்” என்றார். நான் வாய்ப்பேச்சில் நூறடி அளந்ததெல்லாம் அவருக்கு அன்றைக்கே புரிந்திருக்கும்.

முதல் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. மைதானத்து மூலையில் கழுகு இறக்கையோடு நிற்கிறேன்.

13-11-2011

மழை விட்ட நாளெல்லாம் பழக்கம். மைதானத்தில் எட்டடி உயரத்தில் குறுக்கு மூங்கில், கீழே வைக்கோல். தொங்கி, இரண்டு கையையும் ஒரே நேரத்தில் விட வேண்டும். வலது விடுகிறது, இடது ஒரு மூச்சு பிந்துகிறது. ஒற்றைக் கையில் வௌவால் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்போது மலர்க்கொடி சாப்பாட்டோடு வந்தாள். அவளுக்கு மட்டும் உண்மை தெரியும்.

“அந்தக் கையத் திட்டாதீங்க. முப்பது வருஷமா உங்கள வீட்டுக்குக் கொண்டாந்து சேத்தது அதுதான்.”

வைக்கோலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இடது கைக்கும் ஒரு அப்பளம் கொடுத்தேன்.

30-12-2011, வெள்ளி

தானே புயல். கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை.

8-1-2012

ஒன்பது நாளாகக் கரண்ட் இல்லை. பதினாலு சாமியானாவில் மூன்று மிச்சம். முந்திரித் தோப்புப் பக்கம் போனால் மரமெல்லாம் வேரைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. பிழைத்த துணியையும் தார்ப்பாயையும் ஆட்களோடு எடுத்துப்போய்க் கூரை இல்லாத வீடுகளுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்றைக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு வீடு. தில்லையம்மாள் என்று ஒரு கிழவி, தனியாள். மேலே ஏறினால், கூரையில் நான்! அதே கூலிங்கிளாஸ், அதே கழுகு இறக்கை. மைதானத்திலிருந்து பிய்த்துக்கொண்டு இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது. என் படம் என்னை முந்திவிட்டது.

கிழவி கீழேயிருந்து என் முகத்தையும் கூரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. “வானத்துலேந்து குதிச்ச ஆளு நீதானா?”

வாய்க்குள் பத்தாயிரம் அடி தயாராக இருந்தது. அந்த வீட்டுக்கு மூன்று பக்கம்தான் சுவர்.

“இல்லம்மா. நான் குதிக்கல.”

“பரவால்ல” என்றது. “ஒழுவல.”

ஃப்ளெக்ஸை எடுக்கவில்லை. அதன் மேலேயே தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினேன்.

19-2-2012

இடது கை இன்றைக்கு வலது கையோடு சேர்ந்து விட்டது. மறுபடி. மறுபடி. இருபது தடவை. (பதினேழு.)

18-3-2012, ஞாயிறு

சிவப்ரியா கொடுத்த புத்தகத்தில் எழுதினதை அப்படியே இங்கும் எழுதி வைக்கிறேன்:

தடவை: 1. உயரம்: 4000 அடி. வெளியேறியது: இரண்டு கையும் சேர்ந்து விட்டது. விரிந்தது: சரியாக. இறங்கிய இடம்: குறியிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி, கேழ்வரகு வயல். நின்று இறங்கவில்லை, உட்கார்ந்து. குறிப்பு: வயல்காரர் திட்டினார்.

அவர் இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவுதான் எழுதத் தோன்றியது. இன்னொன்று மட்டும்: துணி விரிந்த பிறகு அங்கே சத்தமே இல்லை. கீழே யாரோ துணி துவைக்கிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. அது எப்படிக் கேட்கிறது? அடுத்த தடவை கவனிக்க வேண்டும்.

25-3-2012, ஞாயிறு

சிதம்பரம். கொத்சு. வைத்திலிங்கம் தன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சொல்லு மச்சான், போன ஞாயித்துக்கிழமை மறுபடி குதிச்சியாமே என்றான். இரண்டு பேரும் கதை கேட்க வாகாகச் சாய்ந்துகொண்டார்கள். குதித்தேன், வயலில் உட்கார்ந்தேன், திட்டு வாங்கினேன் என்றேன். இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை.

“எவ்ளோ ஒசரம்?” என்றான் மச்சான்.

“நாலாயிரம் அடி.”

“போன தடவ பத்தாயிரம்னு சொன்னியே?”

“அது குதிக்காதப்போ சொன்னது மச்சான்.”

கையில் எடுத்த இட்லியை மறுபடி இலையில் வைத்தான். ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்த பணம் ஞாபகம் வந்திருக்கும். பிறகு, சத்யப்பிரியா, மாமாவுக்கு இன்னும் ரெண்டு வை என்றான்.

வேண்டாம் என்று இலையை மடித்தேன். இன்னும் இருபத்துநாலு தடவை இருக்கிறது.