அம்மாவின் முகத்துக்கு எத்தனை முழம் துணி

என் உயிரான அம்மாவுக்கு,

அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. பாளையங்கோட்டை டாக்டர் விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, கண் நரம்பு பட்டுப்போகிறது, இனிப் பார்வை திரும்பாது என்றார். நீ கல்லறைக்குப் போய் ஒரு மழைக்காலம்கூட முழுதாய்க் கழியவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வீடு வந்ததும் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏட்டி எஸ்தரு, முழுசா இருட்டுறதுக்குள்ள உங்க அம்மைய ஒருக்க பாக்கணும்."

உன் போட்டோவைக் கையில் கொடுத்தேன். கண்ணோடு ஒட்டவைத்துப் பார்த்தார். தெரியவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்.

முக்கூடல் பக்கத்து ஊர்களில் அவர் வேதப் படங்களைத் துணியில் பெரிதாய் விழவைத்துக் காட்டிய லாந்தர் விளக்கு பரணில் கிடந்ததே, அதை இறக்கினேன். போட்டோ பிடித்தவரிடம் கெஞ்சி, உன் முகத்தைக் கண்ணாடித் துண்டில் ஏற்றி வாங்கிவந்தேன். விக்கிரமசிங்கபுரத்து மில்லிலிருந்து தம்பி தானியேலும் லீவு சொல்லிவிட்டு வந்தான்.

பெரிதாகக் காட்டினால் தெரியும் என்று நினைத்தோம். இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துச் சுவர் முழுக்கக் கட்டினோம். சன்னல்களை அடைத்து, லாந்தரை அடுக்களை வாசல்வரை தள்ளிவைத்தோம். கூரைவரை எழுந்தாய், புகை மாதிரி. தையல் உன் மூக்கின் மேலேயே ஓடியது.

"ஒண்ணும் தெரியலியே" என்றார் அப்பா.

"பெரிசாக்க ஆக்க வெளிச்சம் செத்துப்போவுதுக்கா" என்றான் தானியேல்.

லாந்தரை முன்னால் நகர்த்தினோம். ஒரு முழத் துணியில் முகம் பளிச்சென்று விழுந்தது. நாற்காலியில் இருந்த அப்பாவுக்கு அது வெறும் வெள்ளைப் பொட்டு. எழுந்து கிட்டே போனார். அவர் நிழலே உன்னை மறைத்துவிட்டது. மூன்று முழம், இரண்டு முழம் என்று நாள்கணக்கில் மாற்றி மாற்றிக் கட்டினோம். நாங்கள் அளந்துகொண்டிருக்கையிலேயே அவர் கண் இன்னும் மங்கிக்கொண்டு வந்தது. துணியை வெட்டப் போன கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன், அம்மா. எந்த அளவுதான் சரி?

கடைசியில் தானியேல் துணியைத் தண்ணீரில் நனைத்து நடைவாசலில் கட்டினான். லாந்தரை அதற்குப் பின்னால் வைத்தோம்; ஈரத்துணி வழியே வெளிச்சம் கசிந்து உன் முகம் இந்தப் பக்கம் தெரிந்தது.

"பைய கிட்ட போங்கப்பா, இனி நிழலு விழாது. எம்புட்டுப் பெரிசா வைக்க?" என்று கேட்டான்.

"அவ முகம் எம்புட்டு இருந்துதோ, அம்புட்டுப் போதும்ல."

ஈரத்துணியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"தெரியுதாப்பா?"

"தெரியுதுட்டி. சிரிக்கா, பாரு."

அந்தப் படத்தில் நீ சிரிக்கவில்லை, அம்மா. அசையக்கூடாது என்று சொன்னதற்காக உதட்டை இறுக்கிக்கொண்டு, மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கிறாய். தானியேல் என்னைப் பார்த்தான். பேசாதே என்று தலையசைத்தேன்.

"ஆமாப்பா, சிரிக்கா."

அவர் உன்னைப் பார்த்தாரா? பார்த்தது எந்த உன்னை?

அவர் கேட்கிற நாளெல்லாம் துணியை நனைத்துக் கட்டுவேன். நீ சிரிக்கிறாய் என்று அவர் சொல்கிறவரை, நானும் ஆமாம் என்றே சொல்வேன்.

அப்பாவின் பக்கத்தில் நிற்கும்
உன் மூத்த மகள்
எஸ்தர்