தீடைக்கு மேலே போன விமானம்

மச்சான்,

சட்டையில் மண்ணெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. நேற்று இரத்மலானை விமான நிலையத்தில் அந்தக் கொழும்புக் கம்பனியின் விமானத்தைச் சுற்றிப் பார்த்தபோது பிடித்தது. பெரிய விமானம் குடிப்பது ஏறக்குறைய நம் குப்பி விளக்கு குடித்த எண்ணெய்தான். நம் ஊர் அடம்பனுக்கு ஒரு போத்தல்கூடக் கொண்டுபோக விடாமல் ஆமி மறித்த எண்ணெய், அங்கே தாங்கி தாங்கியாக நிற்கிறது. லொட்ஜ் அறையில் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு எழுதுகிறேன். வாசிக்க நீ இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நேற்று ஒரு வெட்கக்கேடும் நடந்தது. இயந்திரத்தைச் சும்மா ஓட்டிக் காட்டினார்கள். அந்தச் சத்தம் எழும்பியதும் என் முழங்கால் இரண்டும் தானாக மடிந்தன. ஏதோ விழுந்துவிட்டது, குனிந்து எடுக்கிறேன் என்று மனேச்சர் நினைத்தார். கையில் விமானி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவன் விமானச் சத்தத்துக்குக் குந்துகிறான். அது சகடையின் சத்தம், மச்சான்.

சகடை என்றால் கொழும்பில் யாருக்கும் தெரியாது. குண்டு போட வரும் அந்தக் கிழட்டு விமானத்துக்கு நாம் வைத்த பெயர் அது. அடம்பன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தை விட நமக்கு நன்றாக வந்தது விமானச் சத்தம்தான். எல்லோரும் வேலியோரம் ஓடும்போது நான் மட்டும் அண்ணாந்து பார்ப்பேன். எனக்கு அது அழகாக இருந்தது, என்ன செய்ய? நீ என் கொலரைப் பிடித்து மண்ணில் அழுத்துவாய். "மேல பாக்காத. குப்புறப் படு. அசையாத." உடுப்பு வெள்ளையாக இருந்தால் மேலே மண்ணையும் அள்ளிப் போடுவாய்.

பன்னிரண்டு நாளுக்கு முன், விமானி வேலை தருவதாக வந்த இரண்டு கடிதங்களோடு மன்னாருக்கு வந்தேன். இரண்டு கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மீன் சந்தைக்குப் பக்கத்தில், வள்ள மோட்டர் திருத்தும் உன் கடை வாசலில் வழக்கம்போல ஒரு கழுதை படுத்திருந்தது. நீ நிமிராமலே சொன்னாய்: "ஓய் பைலட்டு, அந்த ஸ்பானரை எடுத்துத் தா."

கிறீஸ் கையோடு கடிதங்களை வாங்கினாய். மாலைதீவு வேலைக்கு என்ன பிளேன் என்று கேட்டாய். சின்னது, தண்ணியில இறங்கும், வெள்ளைக்காரரைத் தீவு தீவா இறக்கிறது என்றேன்.

"அப்ப அது செட்டை முளைச்ச வள்ளம். அதுக்கு என்னட்டையே வேலைக்கு வந்திருக்கலாமே. மற்றது?"

"கொழும்புக் கம்பனி. யாழ்ப்பாணம் போறது. சகடை மாதிரித்தான். சனத்தை ஏத்தும். சில நாளில ஆமியையும் ஏத்தும்."

சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தாய். "அதை எடு."

"உனக்கென்ன விசரே? நான் ஆமியை ஏத்திறதோ?"

"நீ ஏத்தாட்டி வேற ஒருத்தன் ஏத்துவான். இவ்வளவு காலமும் மேல போனவங்களில ஒருத்தனுக்கும் கீழ கிடக்கிறது ஆர் எண்டு தெரியாது. உனக்குத் தெரியும். அது காணும்."

எனக்குக் கோபம் வந்தது. உன் கடைக்கு வெளியே உலகம் இருக்கிறது, சுதந்திரமாகப் பறக்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்று கத்தினேன். உனக்குப் பொறாமை என்றும் சொன்னேன். நீ மறுபடி மோட்டருக்கு மேல் குனிந்தாய். "வாறன்" என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அந்த வியாழக்கிழமைக்கு, இந்தியாவுக்குத் தப்பிப் போக உனக்கு வள்ளம் ஒழுங்காகியிருந்ததை ஏன் எனக்குச் சொல்லவில்லை? சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் இரண்டாம் முறையும் உன்னைக் கொண்டுபோய், இரண்டு விரல் மடங்காமல் ஆக்கி விட்டிருந்தார்கள். ஸ்பானரை என்னை எடுக்கச் சொன்னது அதனால்தான். நான் கையைப் பார்க்கவில்லை. கடிதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாளுக்கு முன் உன்னோடு வள்ளம் ஏறிய உன் அக்கா, இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து தொலைபேசியில் பேசினா. இராமேஸ்வரம் வந்துவிட்டது என்று சொல்லி வள்ள ஓட்டி உங்களை இருட்டில் ஒரு மணல் தீடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடிந்தபோது நாலு பக்கமும் கடல். ஒன்பது பேர், ஒரு கலன் தண்ணீர். ஏழைகளிடம் கூலி வாங்கி நடுக்கடலில் கொட்டுகிறவனும் நம்முடைய ஆள்தான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"பத்து மணிபோல ஒரு பிளேன் வந்தது தம்பி. நல்லாப் பதிஞ்சு வந்தது. இவன்தான் முதல் கத்தினவன், படுங்கோ எண்டு. எல்லாரும் குப்புறப் படுத்திட்டம். பிள்ளையளுக்கு மேல மண்ணும் அள்ளிப் போட்டவன். அது ரெண்டு தரம் சுத்திப்போட்டுப் போட்டுது." பிறகு கேட்டா: "அது எங்களைத் தேடி வந்ததோ தம்பி? உமக்குத் தெரியும்தானே?"

இரண்டு தரம் சுற்றினால் தேடுகிறது என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரியாது அக்கா என்றேன்.

பின்னேரம் தண்ணீர் முடிய, அடுத்த தீடையில் மீன்பிடிகாரர் நிற்பார்கள் என்று நீ கடலில் இறங்கி நடந்தாய். நடுவில் நீரோட்டம் இழுத்துவிட்டது. மறுநாள் காலை இந்திய வள்ளமொன்று மற்ற எட்டுப் பேரையும் ஏற்றியது.

கை அசைத்திருந்தால் போதும், மச்சான். ஒரு சாரத்தைக் கழற்றி வீசியிருந்தால் போதும். விமானத்தைக் கண்டால் கை அசைக்கலாம் என்று உலகத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். நம்மைத்தான் அதை மறக்க வைத்தார்கள்.

இன்று கொழும்புக் கம்பனிக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தேன். நீ சொன்னதற்காக மட்டுமல்ல. அந்த விமானம் கரையை விட்டு விலகி, தீடைகளுக்கு மேலாகத்தான் வடக்கே போகும். ஆமியை ஏற்றுவேன். துரோகி என்பார்கள், சொல்லட்டும். அந்த உயரத்திலிருந்து மனிதர் தெரிய மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு நாள் முகில் பதிந்து, தாழப் பறந்து, மணலில் நீளமாக ஏதோ கிடப்பதைக் கண்டால், மற்றவர்கள் அதை மரக்கட்டை என்பார்கள். நான் ரேடியோவில் ஆள் என்று சொல்வேன். கடற்படையினர் வந்து பிடிப்பார்கள், விசாரிப்பார்கள், அடைப்பார்கள். ஆனாலும் மணலில் கிடந்தவர்கள் உயிரோடு இருப்பார்கள்.